ஹேர் டிரான்ஸ்பிளான்ட்: முதல் சில வாரங்களை மலைக்குளிரில் எப்படிக் கடத்தினீங்க?

கோத்தகிரி_இலை:
வணக்கம் நண்பர்களே. கோயம்புத்தூர்ல ஹேர் டிரான்ஸ்பிளான்ட் பண்ணிட்டு முந்தாநாள் வீடு வந்து சேர்ந்தேன். எஃப்.யூ.இ. முறை, அதாவது பின் மண்டையில இருந்து முடியை வேரோட ஒண்ணொண்ணா எடுத்து நடுறது. நெற்றி ஓரமும் முன் மண்டையும் சேர்த்து 2,400 கிராஃப்ட் (வேரோட எடுத்து நட்ட சின்ன முடிக் கொத்து). வலி பெருசா இல்ல. என் கவலை எல்லாம் இந்தக் குளிர்தான்.

கிளினிக்ல கொடுத்த தாள்ல 'வியர்க்க விடாதீங்க, காத்தோட்டமா இருங்க, தலையை மூடாதீங்க'ன்னு இருக்கு. கீழ இருக்கிறவங்களுக்கு அது சரி. இங்க மார்கழி. நாலரை மணிக்கெல்லாம் ஜன்னல் கண்ணாடி வேர்த்துப் போகுது. மொட்டை அடிச்ச தலை, அதுல புள்ளி புள்ளியா ரத்தப் பொருக்கு. கம்பளிக் குல்லா போடலாமா? ஹீட்டர் பக்கத்துல உட்காரலாமா? சலைன் (உப்புத் தண்ணி) ஸ்ப்ரேயை அரை மணிக்கு ஒரு தடவை அடிக்கணும்கிறாங்க, ஒவ்வொரு தடவையும் உடம்பு சிலிர்த்துப் போகுது. ராத்திரி மல்லாந்து, தலையை உயர்த்திப் படுக்கணுமாம். கம்பளியை மேல இழுத்தா தலைல உரசுது, விட்டா நடுங்குது.

வேலை டீ ஃபேக்டரியில, டிரையர் பக்கம். எப்போ திரும்பப் போகலாம்னும் தெரியணும். மலையில இருந்துக்கிட்டே இதைக் கடந்தவங்க யாராவது இருந்தா விவரமா சொல்லுங்க.

வெலிங்டன்_வாசி:
தம்பி, முதல்ல ஒண்ணு. குளிர் கிராஃப்டைக் கொல்லாது. நட்ட முடியைக் கெடுக்கிறது உரசல், இடி, நகம், சூடு, அழுக்கு. குளிருக்குப் பயந்து நாம செய்யிற காரியங்கள்தான் இந்த அஞ்சையும் கொண்டு வரும். நான் பண்ணிக்கிட்டதும் ஜனவரியில. அதனால இந்த விஷயத்துல மனசார எழுதறேன்.

கம்பளிக் குல்லா வேண்டவே வேண்டாம். இழை பொருக்குல மாட்டும், கழட்டும்போது சேர்த்து இழுக்கும். கிளினிக்ல துணி மாதிரி லேசா ஒரு தொப்பி கொடுத்திருப்பாங்க, வெளிய போகும்போது அதை மட்டும் மேலோட்டமா வைங்க. தலையில இறங்கற ஸ்வெட்டர், பனியன், டீ ஷர்ட் எல்லாத்தையும் ரெண்டு வாரத்துக்கு பீரோவுல பூட்டிடுங்க. ஜிப் வச்சது, பட்டன் வச்சது மட்டும்.

உடம்பு சூடா இருந்தா தலை தாங்கிக்கும். நான் உள்ள தெர்மல், மேல ஜிப் ஜாக்கெட், கால்ல ரெண்டு சாக்ஸ், கழுத்துல மஃப்ளர், இத்தனையோடதான் படுத்தேன். மஃப்ளர் கழுத்தோட நிக்கணும், காதுக்கு மேல ஏறக் கூடாது.

கம்பளி விஷயம் ரொம்ப முக்கியம். நம்ம ஊர்க்காரங்க தூக்கத்துல கம்பளியைத் தலை வரைக்கும் இழுத்து மூடிக்குவோம், கை தானா செய்யும். கம்பளியோட மேல் விளிம்பை நெஞ்சு மட்டத்துல ஜாக்கெட்டோட சேர்த்து ரெண்டு பக்கமும் ஊக்கு குத்திட்டேன். இழுத்தாலும் வராது. கழுத்துக்குப் பஸ்ல வச்சுக்கிற அரைவட்டத் தலையணை. முதுகுக்குக் கீழ ரெண்டு தலையணையைச் சரிவா அடுக்கினா 45 டிகிரிக்குக் கிட்ட வரும். ஒரு வாரம் அப்படியே.

அப்புறம் வாசல் நிலை. பழைய லைன் வீடுகள்ல, எஸ்டேட் குவார்ட்டர்ஸ்ல நிலை தாழ்வா இருக்கும். வருஷக்கணக்கா குனிஞ்சு போய்ப் பழகின வாசல்தான். ஆனா கழுத்துல தலையணையும் மஃப்ளருமா இருக்கும்போது அந்தக் கணக்கு தப்பும். நிலைக்கு மேல ஒரு சிவப்புத் துணி கட்டித் தொங்க விடுங்க. ஜீப்ல, ஆட்டோவுல ஏறும்போதும் முதல்ல உட்கார்ந்துட்டு அப்புறம் காலை உள்ள எடுங்க.

லவ்டேல்_செவிலி:
வெலிங்டன் அண்ணா சொன்னதெல்லாம் சரி. நான் நர்ஸ். ஊட்டிக்கு வர்றதுக்கு முன்னாடி தோல் சிகிச்சைப் பிரிவுல சில வருஷம் வேலை பார்த்தேன், இந்த ஆபரேஷனுக்கும் கூட நின்னிருக்கேன். சூட்டைப் பத்தி நான் கொஞ்சம் விரிவா எழுதணும், ஏன்னா மலையில பெரிய ஆபத்து அதுதான்.

ஆபரேஷனுக்கு அப்புறம் தலைத்தோல் மரத்துப் போயிருக்கும். ஊசி மருந்து சில மணி நேரத்துல இறங்கிடும், ஆனா தோல்ல இருக்கிற நுண்நரம்புகள் அறுபட்டதால வர்ற மரப்பு வாரக்கணக்குல இருக்கும், சிலருக்கு மாசக்கணக்குல. மரத்த தோலுக்குச் சூடு உறைக்காது. நாம குளிக்கிற வெந்நீர் எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும், கீழ இருந்து வர்ற சொந்தக்காரங்க கையை விட்டா அலறுவாங்க. அந்தத் தண்ணியைத் தலையில ஊத்தினா கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். மணிக்கட்டு உள்பக்கத்துல ஊத்திப் பாருங்க. சூடும் தெரியாம குளிரும் தெரியாம இருந்தா அதுதான் அளவு. ஷவர் வேண்டாம், மக்ல மெதுவா ஊத்தணும்.

ஹீட்டர் போடலாம். அதை ரூமோட எதிர் மூலையில, கால் பக்கமா வைங்க. முகத்துக்கு நேரா வச்சா பொருக்கு இறுகி வெடிக்கும். இங்க பனிக்காலத்துக் காத்தே வறட்சி, அதுல ஹீட்டரும் சேர்ந்தா ரெண்டு மடங்கு. ஹேர் டிரையர் தொடவே கூடாது. கரிக் கணப்பைக் கதவு ஜன்னல் மூடின ரூம்ல வச்சுத் தூங்காதீங்க. இது முடிக்காகச் சொல்றது இல்ல, அந்தப் புகை உயிரையே எடுத்துடும்.

சலைன் பாட்டிலை ஜன்னல் ஓரத்துல வைக்காம ரூமுக்குள்ள வைங்க, சிலிர்ப்பு குறையும். சட்டைப் பைக்குள்ள வச்சா இன்னும் நல்லது. அதைச் சுட வைக்க வேண்டாம். எத்தனை நாள், எத்தனை தடவைங்கிறது டாக்டருக்கு டாக்டர் மாறும், உங்க தாள்ல இருக்கிறதைத்தான் நீங்க கேட்கணும்.

முதல் பத்து நாள் ஏன் இவ்வளவு கெடுபிடின்னா, கிராஃப்ட் தோலுக்குள்ள நிக்கிறதே ஆரம்பத்துல உறைஞ்ச ரத்தத்தோட பிடிப்புலதான். 2006ல பெர்ன்ஸ்டீன், ராஸ்மன்னு ரெண்டு அமெரிக்க டாக்டர்கள் இதைச் சோதிச்சே பார்த்தாங்க. பொருக்கோட சேர்த்துப் பிடிச்சு இழுத்தா முதல் அஞ்சு நாள் வரைக்கும் கிராஃப்ட் கூடவே வந்துடுது. ஒன்பதாம் நாளுக்கு அப்புறம் வரலை. அதனால இப்ப நீங்க இருக்கிறது ரொம்ப ஜாக்கிரதையா இருக்க வேண்டிய கட்டம். அரிப்பு எடுத்தா சலைன் அடிங்க, நகம் படக் கூடாது.

நாடுகாணி_அக்கா:
என் வீட்டுக்காரருக்குப் போன வருஷம் பண்ணினோம். சூடுன்னு செவிலி சொன்னதும் இதையும் எழுதணும்னு தோணுச்சு.

அவருக்கு வந்த நாலாம் நாளே சளி பிடிச்சுது. அத்தை உடனே நீலகிரித் தைலத்தை எடுத்துட்டு வந்துட்டாங்க, நெத்தியில, உச்சியில தேய்க்கணும்னு. அவங்க அன்புல செய்யிறது, எப்படித் தடுக்கிறது? நான் டாக்டருக்கு போன் போட்டு ஸ்பீக்கர்ல வச்சேன். தைலம் புண்ணுல பட்டா எரிக்கும், தோலைக் கெடுக்கும், தலைப் பக்கமே கொண்டு வராதீங்கன்னு அவரே அத்தைகிட்ட நேரா சொன்னார். ஆவி பிடிக்கிறதும் கூடாதாம். குனிஞ்சு உட்கார்ந்து போர்வையைத் தலையோட மூடி வியர்க்க விட்டா, நாம தவிர்க்கச் சொன்ன அத்தனையும் ஒரே இடத்துல நடக்குது. அத்தை அதுக்கு அப்புறம் மிளகு ரசமும் சுக்குக் காப்பியும் வச்சுக் கொடுத்தாங்க. அதுலயே சரியாச்சு.

தேங்காயெண்ணெய், மஞ்சள், கற்றாழை எதையும் நாமளா தடவக் கூடாது. வீட்டுல பெரியவங்க இருந்தா முதல் நாளே டாக்டர் வாயால சொல்ல வச்சிடுங்க. நாம சொன்னா சண்டையாகும்.

கோத்தகிரி_இலை:
ரொம்ப நன்றி. ஊக்கு குத்திப் படுத்தேன், நேத்துதான் ஒழுங்காத் தூங்கினேன். ஆனா காலைல எழுந்தா நெத்தி முழுக்க வீங்கியிருக்கு. மத்தியானத்துக்குள்ள வலது கண் பாதி மூடிடுச்சு. தொட்டா தண்ணிப் பை மாதிரி அமுங்குது. வலி இல்ல. வீட்டுல பயந்து போயிட்டாங்க, இப்பவே கீழ கிளம்பலாம்கிறாங்க. இது நார்மலா?

லவ்டேல்_செவிலி:
பயப்படாதீங்க. ஆபரேஷன்ல தலைத்தோலுக்குள்ள நிறைய திரவம் ஏத்துவாங்க, அது இறங்கி வர்ற வழிதான் நெத்தி, கண், கன்னம். மூணாம் நாள், நாலாம் நாள் உச்சத்துல இருக்கும், ஒரு வாரத்துக்குள்ள வடிஞ்சிடும். உட்கார்ந்தே இருங்க, குனிய வேண்டாம். ஐஸை மெல்லிய துணியில சுத்தி புருவத்துக்கு மேல, நெத்தியில மட்டும் சில நிமிஷம் வைங்க. நட்ட இடத்துக்குப் பக்கத்துல கொண்டு போகக் கூடாது. ரெண்டு விரலால நடு நெத்தியிலிருந்து ரெண்டு ஓரத்துக்கும், கண்ணுக்கும் காதுக்கும் நடுவுல இருக்கிற நெற்றிப்பொட்டுப் பக்கமா மெதுவா நீவி விடுங்க. வீக்கத்துக்கு மாத்திரை கொடுத்திருந்தா அதைச் சரியான நேரத்துக்குப் போடுங்க, நீங்களா நிறுத்தக் கூடாது.

எதுக்கு அவசரமா ஓடணும்னா: காய்ச்சல், நாளுக்கு நாள் கூடுற வலி, சீழ், சிவப்பு பரவிக்கிட்டே போறது, நட்ட இடத்துத் தோல் கறுத்துப் போறது. இதுல ஒண்ணு இருந்தாலும் அன்னிக்கே டாக்டர் பார்க்கணும். கீழ போக முடியாத மழைன்னா பக்கத்துல இருக்கிற அரசு மருத்துவமனைக்குப் போய், என்ன ஆபரேஷன் பண்ணிக்கிட்டீங்கன்னு சொல்லிக் காட்டுங்க. ரத்தம் வந்தா சுத்தமான காஸ் துணியை மடிச்சு பத்து நிமிஷம் அழுத்திப் பிடிங்க, தேய்க்காதீங்க.

இப்ப முகத்தை ஒரு போட்டோ எடுத்து உங்க கிளினிக்குக்கு வாட்ஸ்ஆப்ல அனுப்புங்க. அவங்க பார்க்க வேண்டியது அவங்க பொறுப்பு.

அருவங்காடு_77:
'அவங்க பொறுப்பு'ன்னு படிச்சதும் வயிறு எரியுது. எனக்கு அந்தப் பொறுப்பு கிடைக்கலை. பேரைச் சொல்லப் போறதில்ல, ஊரையும் சொல்லலை. காலைல டாக்டர்னு ஒருத்தர் வந்து மார்க்கர்ல கோடு போட்டார். அதுக்கு அப்புறம் அவரை நான் பார்க்கவே இல்ல. எடுத்தது, துளை போட்டது, நட்டது எல்லாம் சின்னப் பசங்க. வீட்டுக்கு வந்து வீங்கினப்போ போன் எடுக்க ஆள் இல்ல. பின் மண்டையில சீழ் கட்டி, குன்னூர்ல வேற டாக்டர்தான் ஆன்டிபயாடிக் கொடுத்துக் காப்பாத்தினார்.

2022ல தேசிய மருத்துவ ஆணையம் இதுக்குன்னே வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கு. அறுவை சிகிச்சைப் பயிற்சி உள்ள, முறையா பதிவு பெற்ற டாக்டர்தான் செய்யணும், பட்டறையிலயோ யூடியூப்லயோ பார்த்துக் கத்துக்கிட்டது பயிற்சி ஆகாதுன்னு அதுல வெளிப்படையாவே இருக்கு. இனிமே பண்ணிக்கப் போறவங்க ரெண்டு கேள்வியைப் பணம் கட்டுறதுக்கு முன்னாடி கேளுங்க. துளை போடுறது யாரு? ராத்திரி பத்து மணிக்கு வீங்கினா நான் கூப்பிட வேண்டிய நம்பர் எது? பதில் சுத்தி வளைச்சு வந்தா எழுந்து வந்துடுங்க. மலையில இருக்கிற நமக்கு இது இன்னும் முக்கியம். ராத்திரியில காட் ரோடு இறங்கிப் போய்க் கதவைத் தட்ட முடியாது.

கொடைப்பேரி:
கொடைக்கானல்ல இருந்து எழுதறேன், நான் மதுரையில பண்ணிக்கிட்டேன். வத்தலக்குண்டுல இருந்து மேல வர்ற வழியைப் பத்தி யாரும் எழுதலை. வளைவுக்கு வளைவு பஸ் சாயும்போது தலை கண்ணாடியில, முன் சீட்டுக் கம்பியில மோதும். முடிஞ்சா கார், இல்லேன்னா நடு வரிசையில உள்பக்க சீட், கழுத்துத் தலையணை கட்டாயம். வாந்தி வர்ற உடம்புன்னா அதுக்கான மாத்திரையைச் சேர்த்துக்கலாமான்னு டாக்டர்கிட்ட முன்னாடியே கேட்டுடுங்க. தலையைத் தொங்கப் போட்டு ஓங்கரிக்கிறது அன்னிக்கு நல்லதில்ல. நான் கீழயே ஒரு ராத்திரி தங்கிட்டு, மறுநாள் கிளினிக்லயே முதல் வாஷ் பண்ணிட்டு ஏறினேன். எல்லாருக்கும் அதைத்தான் சொல்வேன்.

ஆனா தலையில வெயில் படவே கூடாதுன்னு கிளினிக்ல சொல்றாங்களே, வெயிலைப் பத்தி இவ்வளவு பயம் தேவையான்னு எனக்குத் தெரியலை. கொடையில பாதி நாள் மேகம்தான். நான் ரெண்டாம் வாரமே தலையில ஒண்ணும் போடாம ஏரியைச் சுத்தி நடந்தேன்.

லவ்டேல்_செவிலி:
இதுல நான் உங்களோட ஒத்துப் போக முடியாது. குளிரா இருந்தா வெயில் குறைவுன்னு நம்ம உடம்பு நினைக்கும். புற ஊதாக் கதிருக்குச் சூடே கிடையாது. 1,000 மீட்டர் உயரத்துக்குச் சுமார் 10 சதவீதம் அது கூடும். ஊட்டி 2,240 மீட்டர், கொடை 2,100க்கு மேல. கீழ இருக்கிறவங்களை விட நம்ம தலையில அஞ்சுல ஒரு பங்குக்கு மேல அதிகமாவே விழுது. மெல்லிசான மேகம் அதை நிறுத்தாது. சுற்றுலா வந்தவங்க மூக்கும் கன்னமும் கறுத்து இறங்குறதை வருஷா வருஷம் பார்க்கிறோமே.

புதுத் தோல்ல வெயில் பட்டா சிவப்பு நாள் கணக்குல தங்கும், நிறம் மாறி நிக்கும். ஆறின பிறகு, டாக்டர் சரின்னு சொன்னதுக்கு அப்புறம் சன்ஸ்கிரீன். அது வரைக்கும் குடை. நம்ம கையில எப்பவும் இருக்கிற சாமான், தலையைத் தொடாது, மழையும் படாது. தொப்பியை விட எனக்கு அதுதான் பிடிச்சது.

வெலிங்டன்_வாசி:
குடைக்கு நானும் கை தூக்கறேன். தேயிலைக் காட்டுக்குள்ள போற பாதையில மட்டும் சில்வர் ஓக் கிளை இடிக்கும், பார்த்துப் போங்க.

பூம்பாறை_பூண்டு:
எல்லாருக்கும் வணக்கம். நான் விவசாயம். எனக்குத் தோலைப் பட்டையா வெட்டி எடுத்துத் தைச்சு நட்டாங்க, எஃப்.யூ.டி. ரெண்டு வாரத்துல தையல் பிரிச்சாச்சு. நட்ட இடம் நல்லாத்தான் இருக்கு. ரெண்டு சந்தேகம்.

ஒண்ணு, பூண்டு மூட்டை, உருளை மூட்டை எப்போ தூக்கலாம்? எங்க ஊர் நிலம் படிப்படியா இருக்கு, ரோடு வரைக்கும் தலைச்சுமைதான். இன்னொண்ணு, தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போய் மொட்டை போடுறதா ரொம்ப நாள் முன்னாடியே வேண்டுதல். இதைப் பண்ணிக்கிட்டதும் வீட்டுல அம்மா அழறாங்க, முருகனுக்குச் சொன்னது என்ன ஆச்சுன்னு. என்ன செய்யிறது?

லவ்டேல்_செவிலி:
தம்பி, மூட்டை விஷயத்துல உங்க டாக்டர்கிட்ட கண்டிப்பா கேளுங்க. பட்டை எடுத்தவங்களுக்கு எஃப்.யூ.இ.காரங்களை விட நாள் கூடுதல். தையல் பிரிச்சா வெளித்தோல் ஒட்டிடுச்சுன்னுதான் அர்த்தம், உள்ள பலம் வர்றதுக்கு இன்னும் பல வாரம் ஆகும். கழுத்தைக் குனிஞ்சு பாரம் தூக்கினா தழும்பு அகலமாகிடும், அப்புறம் முடி வெட்டும்போதெல்லாம் பின்னாடி கோடு தெரியும். தலைச்சுமையை இந்த அறுவடைக்கு மறந்துடுங்க. தோள்ல எடுக்கிறதுக்குக் கூட ஒன்றரை மாசத்துக்கு முன்னாடி எந்த டாக்டரும் ஒத்துக்கிறதை நான் பார்த்ததில்ல.

பழனிக்கு நடக்கிறதும் இந்த வருஷம் சிரமம். வெயில், தூசி, கூட்டம்.

கொடைப்பேரி:
பூம்பாறைத் தம்பி, நாமெல்லாம் பழனி மலைக்காரங்க, இந்தக் கேள்வியோட கனம் எனக்குப் புரியுது. முடியோட வேர் தோலுக்கு அடியில இருக்கு. பிடிச்ச வேர்ல இருந்து, மேல மழிச்சாலும் திரும்ப வளரும். அதனால மொட்டையே போடக் கூடாதுன்னு ஒரு டாக்டரும் சொல்ல மாட்டார், எப்போங்கிறதுதான். எங்க டாக்டர் சவரக் கத்தி படறதுக்கு ஆறு மாசமாவது போகட்டும்னார். உங்க பின்தலைத் தழும்பு மொட்டையில தெரியும், அதையும் மனசுல வச்சுக்கோங்க.

எங்க வீட்டுல என்ன செஞ்சோம்னா, மஞ்சள் துணியில காசு முடிஞ்சு வச்சுட்டு, அடுத்த வருஷம் தைக்கு நேர்த்தியைத் தள்ளி வச்சோம். அம்மா மனசு கேட்கலைன்னா, அவங்களே போய்ப் பூமுடி கொடுத்துட்டு வரட்டும். காணிக்கை தாமதமானதுக்கு முருகன் கோவிச்சுக்க மாட்டான். அம்மாவை அழ விடாதீங்க, நீங்களே பக்கத்துல உட்கார்ந்து பேசுங்க.

பூம்பாறை_பூண்டு:
அண்ணா, இதைப் படிச்சுக் காட்டினேன். காசு முடிஞ்சு குழந்தை வேலப்பர் சன்னிதியில வச்சுட்டு வரேன்னு அம்மாவே சொல்லிட்டாங்க. மூட்டைக்கு மச்சானைக் கூப்பிட்டிருக்கேன்.

அருவங்காடு_77:
ஹெல்மெட்? நம்ம பக்கம் வண்டி இல்லாம ஒரு வேலையும் நடக்காது.

வெலிங்டன்_வாசி:
வண்டியையே எடுக்காதீங்க. ஹெல்மெட் போட்டா முன்வரிசை கிராஃப்ட் முழுக்க ஸ்பாஞ்சுல உரசும், போடாம ஓட்டினா தலையே இருக்காது. மூணு வாரம் நான் பஸ்லதான் போனேன். அதுக்கு அப்புறமும் அளவு பெரிய ஹெல்மெட்டை நேரா மேல இருந்து இறக்கி, நேரா மேல தூக்கிக் கழட்டணும். முன்பக்கமா இழுத்துக் கழட்டக் கூடாது. உங்க நாள் கணக்கை உங்க டாக்டர் சொல்லட்டும்.

கோத்தகிரி_இலை:
வீக்கம் வடிஞ்சுது. முகம் பழையபடி ஆயிடுச்சு. இப்ப பொருக்கு நேரம். கிளினிக்ல வீடியோ கால்ல பார்த்துட்டு, இனிமே ஊற வச்சுத் தேய்ச்சு எடுக்கலாம்னு சொன்னாங்க. எனக்குக் கை வரலை. இவ்வளவு நாள் தொடாதேன்னு சொல்லிட்டு இப்ப தேய்னா எப்படி? எடுக்காம அப்படியே விட்டா என்ன ஆகும்?

லவ்டேல்_செவிலி:
விட்டா கெட்டியாகி, அடியில ஈரமும் எண்ணெயும் சேர்ந்து தொற்று வரலாம். பத்துப் பதினாலு நாளுக்குள்ள தலை சுத்தமாகிடணும். மத்தியானம் ஜன்னல்ல வெயில் விழுற நேரமா பாருங்க, நம்ம ஊர்ல காலைல நனைச்சா நடுங்கிப் போயிடுவீங்க. அவங்க கொடுத்த லோஷனையோ பேபி ஷாம்பு நுரையையோ உள்ளங்கையில எடுத்துப் பொருக்கு மேல வச்சு, பத்து நிமிஷம் ஊற விடுங்க. அப்புறம் விரலோட சதைப் பகுதியால, ஒரே இடத்துல சின்ன வட்டமா. நகம் இல்லாம, இழுக்காம. வராத பொருக்கை நாளைக்கு விடுங்க, மூணு நாலு குளியல்ல எல்லாம் போயிடும். துண்டால துடைக்காதீங்க, ஒத்தி எடுங்க. முடி ஒட்ட வெட்டியிருக்கிறதால காத்துலயே காஞ்சிடும்.

பொருக்கோட சின்ன முடியும் சேர்ந்து வரும், அதோட நுனியில வெள்ளையா உருண்டையா ஏதோ இருக்கும். அதைப் பார்த்துட்டு வேர் வந்துடுச்சுன்னு அழுது போன் பண்றவங்க நிறைய பேர். அது வேரோட உறை. கிராஃப்ட் வெளிய வந்தா ரத்தம் கசியும். ரத்தம் இல்லேன்னா கவலை இல்ல.

கோத்தகிரி_இலை:
பண்ணிட்டேன். நுரையை வழிச்சப்போ உள்ளங்கை முழுக்கப் பழுப்புத் தூளும் அரை சென்டிமீட்டர் முடிகளும். ரத்தம் ஒரு சொட்டு இல்ல. தோல் இளஞ்சிவப்பா, சுத்தமா இருக்கு. முதல் தடவையா கண்ணாடியில அந்தக் கோட்டைப் பார்த்தேன், ரொம்ப சந்தோஷமா இருந்துச்சு.

டிரையர் வேலை பத்தி?

வெலிங்டன்_வாசி:
நானும் ஃபேக்டரி ஆள்தான் தம்பி. டிரையர் வாயில வர்ற அனலும், சலிக்கிற இடத்துல பறக்கிற தேயிலைப் பஞ்சும் தலையில படியும். வியர்வையோட சேர்ந்தா துளையை அடைச்சுப் பரு கிளப்பும். மூணாம் வாரம் முடியிற வரைக்கும் வாட வைக்கிற மாடியிலயோ, பேக்கிங்லயோ, கணக்குலயோ மாத்திக் கேளுங்க. சூப்பர்வைசர்கிட்ட ஆபரேஷன்னு சொன்னா போதும், என்ன ஆபரேஷன்னு சொல்லணும்னு கட்டாயம் இல்ல. வேலை முடிஞ்சதும் வீட்டுக்கு வந்து தலையை அலசிடுங்க. புகை பிடிக்கிற பழக்கம் இருந்தா இதுதான் விடற நேரம், தோலுக்குப் போற ரத்தத்தை அது சுருக்கும்.

கோத்தகிரி_இலை:
சில வாரம் கழிச்சு வரேன். மனசு ரொம்ப சோர்வா இருக்கு. நட்ட முடியெல்லாம் கொட்டுது. தலையணையில, துண்டுல, சீப்பு கூடப் போடலை, கையை வச்சா வருது. முன்னாடி இருந்ததை விட மோசமா தெரியுது. சுத்தி இருந்த பழைய முடியும் மெலிஞ்சு போச்சு. இவ்வளவு காசும் போச்சோன்னு ராத்திரி தூக்கமே இல்ல.

வெலிங்டன்_வாசி:
தம்பி, இந்தக் கட்டத்துல நானும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். நீங்க தேயிலையில வளர்ந்தவர், கவாத்து வெட்டின தோட்டத்தைப் பார்த்திருக்கீங்க. இலை ஒண்ணு இல்லாம குச்சியா நிக்கும், வெளியூர்க்காரன் பார்த்தா தோட்டமே செத்துப் போச்சும்பான். தூர் உயிரோட இருக்கிறது நமக்குத் தெரியும். இதுவும் அதேதான்.

லவ்டேல்_செவிலி:
இது பெரும்பாலானவங்களுக்கு நடக்கிறது. இடம் மாத்தின அதிர்ச்சியில வேர் ஓய்வு நிலைக்குப் போயிடும், ரெண்டாம் வாரத்துல இருந்து ரெண்டாம் மாசத்துக்குள்ள மேல இருக்கிற முடியை உதிர்க்கும். பக்கத்துப் பழைய முடியும், பின்னாடி எடுத்த இடத்து முடியும் சிலருக்குக் கூடவே உதிரும், பெரும்பாலும் திரும்ப வரும். மூணு நாலு மாசத்துல பூனைமுடி மாதிரி மெல்லிசா முளைக்கும், ஆறாம் மாசம் கண்ணுக்குத் தெரியும், முழுசாத் தெரிய ஒரு வருஷம், உச்சிக்கு இன்னும் கூட ஆகும். ரெண்டாம் மாசத்துக் கண்ணாடியை வச்சு எதையும் முடிவு பண்ணாதீங்க.

முளைக்கிறப்போ சின்னப் பருக்கள் வரும். ஒண்ணு ரெண்டுன்னா வெதுவெதுப்பான ஈரத் துணியால ஒத்தடம் கொடுங்க. உங்க தோல் இன்னும் மரத்துதான் இருக்கும், துணியை முதல்ல மணிக்கட்டுல வச்சுப் பாருங்க. பிதுக்க வேண்டாம். கூட்டமா வந்தா, வலிச்சா டாக்டர்.

மினாக்ஸிடில், ஃபினாஸ்டரைடு எழுதிக் கொடுத்திருந்தா கொட்டுதேன்னு பயந்து நிறுத்தாதீங்க. நட்டது பின்தலை முடி, அது பெரும்பாலும் நிலைக்கும். அதைச் சுத்தி இருக்கிற உங்க பழைய முடியைக் காப்பாத்தத்தான் அந்த மருந்து. ஃபினாஸ்டரைடு மாத்திரை உடைஞ்சிருந்தா கர்ப்பிணிகள் கையால தொடக் கூடாது, வயித்துல இருக்கிறது ஆண் குழந்தைன்னா பாதிக்கும். வீட்டுல யாராவது அப்படி இருந்தா டப்பாவைத் தனியா வைங்க. தாம்பத்திய ஆசையில, உடம்புல ஏதாவது மாற்றம் தெரிஞ்சா கூச்சப்படாம டாக்டர்கிட்ட சொல்லுங்க.

நாடுகாணி_அக்கா:
தம்பி, என் வீட்டுக்காரர் ரெண்டாம் மாசம் கண்ணாடியைத் துணி போட்டு மூடி வச்சிருந்தார். வீட்டுல இருக்கிறவங்களும் தினம் தினம் தலையைப் பார்த்து ஏதாவது சொல்லாம இருக்கிறது பெரிய உதவி. உங்க வீட்டுல இதைப் படிக்கக் கொடுங்க.

போட்டோ மாசத்துக்கு ஒண்ணு போதும். நம்ம ஊர் வெளிச்சம் நிமிஷத்துக்கு நிமிஷம் மாறும், மஞ்சு இறங்கினா அடர்த்தியாத் தெரியும், வெயில் அடிச்சா மண்டைத் தோல் பளிச்சுனு தெரியும். அதனால ராத்திரி, ஒரே பல்புக்கு அடியில, தலை காய்ஞ்ச பிறகு, ஒரே தூரத்துல எடுங்க. நாங்க அப்படி எடுத்ததுலதான் அஞ்சாம் மாசம் முளைச்சதே எங்களுக்குத் தெரிஞ்சது.